மொரிஸ் காரில் நாங்கள் அடித்த நெளிவு

உம்மா, முதலில் ஒரு கெஞ்சல். இதை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் அறையில் இருக்கிற கண்டிப் பெண்ணுக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம். வெள்ளிக்கிழமை வாப்பா போனில் பேசும்போது இப்படி ஒரு கடிதம் வந்தது என்று மூச்சும் விட வேண்டாம். வாசித்து முடித்ததும் கிழித்துத் தண்ணீரில் கரைத்துவிடுங்கள். ஜெய்னம்பு மாமி நாளை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, நீங்கள் இருக்கிற ஊருக்கே வீட்டு வேலைக்கு வர, விமான நிலையத்துக்குப் போகிறா. உங்களுக்கு அனுப்புகிற கருவாட்டுப் பொட்டலத்துக்குள் இதை வைத்துத் தைத்துவிடுவேன். அவவுக்குக்கூட இது தெரியாது.

அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா. உங்களுக்கு ஒரு நோவும் வரக்கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், எழும்புகிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சின்னவள் நஃபீஸாவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது, இப்போது என்னை ஸபீனா என்று கூப்பிட வராமல் தபீனா என்கிறாள். அவளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துப் படுக்கப் போட்டுவிட்டு அவளுடைய நுளம்பு வலைக்குள் டோர்ச்சைச் சாய்த்து வைத்துத்தான் எழுதுகிறேன். கிணற்றுத் தண்ணீர் இந்த முறை மழைக்கு முன்பே உவர்த்துவிட்டது, சோறு கொஞ்சம் கரிக்கிறது, பழகிவிட்டோம். உங்கள் குதிக்கால் வெடிப்புக்கு உப்புத் தண்ணீரில் காலை வைக்கச் சொன்னேனே, வைக்கிறீர்களா? மெடம் வீட்டு வேலை முடிந்த பிறகு நின்றுகொண்டே சாப்பிட வேண்டாம், உட்கார்ந்து சாப்பிடுங்கள். காஸ் சிலிண்டரை நீங்கள் தூக்க வேண்டாம், உருட்டுங்கள். நீங்கள் போன இந்த மூன்று வருஷத்தில் எனக்கு இப்படிப் பேசித்தான் பழக்கமாகிவிட்டது. நான்தான் பெற்றவள், நீங்கள்தான் தூரத்தில் இருக்கிற பிள்ளை என்று வாப்பா முன்பு சிரிப்பார்.

இப்போது அவர் சிரிப்பதில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு புதுக் காரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும், நீங்கள் அதைக் கண்டதில்லை. அபூசாலி ஹாஜியார் வீட்டு மொரிஸ் மைனரை உங்களுக்குத் தெரியும். ஹாஜியாரின் வாப்பா வாங்கிய, நம்பர் தகட்டில் ஸ்ரீ எழுத்துள்ள பழைய கார், நம் வாப்பா இத்தனை வருஷம் ஓட்டுகிற, துடைக்கிற, திட்டுகிற கார். நான் பிறக்கிறபோது உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதுதான். போன நோன்புப் பெருநாளுக்கு ஹாஜியார் தன் மகன் ஸியாதுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எடுத்துக் கொடுத்தார். சிவப்பு நிறம், இரண்டே கதவு, இரண்டே சீட், வாப்பாவின் இடுப்பு உயரம்தான் இருக்கும். திறப்புப் போட்டுத் திருக்க வேண்டாம், ஒரு பொத்தானைத் தொட்டால் போதும், புலி உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பும். ஆனால் ஹாஜியார் வீட்டு வாசல் மணலில் அதன் வயிறு இடிக்கும், அதனால் அது வெளியே போகும்போதெல்லாம் வாப்பா இரண்டு தென்னம் பலகை போட்டு, உள்ளே வரும்போது மறுபடியும் போட வேண்டும். மொரிஸ் அந்த மணலில் கடற்கரை வரைக்கும் போய்த் திரும்பும். சிவப்புக் காரைக் கழுவுகிற வேலை வாப்பாவுக்குக் கொடுத்தார்கள், ஓட்டக் கொடுக்கவில்லை.

சாராய உம்மா என்று எல்லோரும் பகிடி பண்ணுகிற நம்முடைய சாரா உம்மாவின் தேத்தண்ணிக் கடையில் இந்த இரண்டு காரையும் வைத்து ஒரு மாதமாகச் சண்டை. அங்கே மொரிஸுக்குப் பெயர் கிழவி, புதுக் காருக்குப் பெயர் மாப்பிள்ளை. பாண் வாங்கப் போகிறபோது நானும் கேட்பேன். கிழவி நுரைச்சோலையில புறப்பட்டா இங்க சத்தம் கேக்கும், தேத்தண்ணியக் குடிச்சி, கடனும் செல்லிட்டு, எழும்பிப் போய்க் கைகாட்டலாம் என்பார்கள். மாப்பிள்ளை எப்பிடியெண்டா, நீ கையத் தூக்க மொதல்ல அவரு கற்பிட்டியில நிப்பாரு என்பார் இன்னொருவர். கிழவி எத்தன பேரச் சொமப்பா, ஏழு பேரையும் ஒரு ஆட்டையும் சொமப்பா, மாப்பிள்ள பொண்டாட்டியத் தவிர ஒருத்தரையும் ஏத்த மாட்டாரு என்று சாரா உம்மா சொல்லுவா. வாப்பாவிடம் நீங்க செல்லுங்க ஸலாவுதீன், எது நல்ல கார் என்று கேட்டால், வாப்பா நின்று யோசித்து, அது போறதுக்குச் செஞ்ச கார், இது ஆள் ஏத்தச் செஞ்ச கார் என்று மட்டும் சொல்வார். பெருநாள் அன்று ஸியாத் நஃபீஸாவைத் தூக்கிச் சிவப்புக் காரில் இருத்திப் படம் எடுத்தான். எப்பிடி என்று கேட்டதற்கு, ஆக்கள் தெரியல்ல, கால் மட்டும்தான் தெரியிது என்றாள். எல்லோரும் சிரித்தோம். மொரிஸில் இருந்தால் பாதையில் நடக்கிறவரின் முகமும் நம்முடைய முகமும் ஒரே உயரத்தில் இருக்கும், அதனால்தான் வாப்பா போகிற வழியெல்லாம் ஸலாம் சொல்லிக்கொண்டே போவார்.

போன செவ்வாய்க்கிழமை, பொழுது படுகிற மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், ஹாஜியாரின் மச்சாளை மதுரங்குளியில் இறக்கிவிட்டு வந்த வாப்பா நுரைச்சோலையில் டியூசன் வாசலில் என்னை ஏற்றினார். யுத்தம் முடிந்த பிறகு தார் போட்ட காப்பெட் பாதை உங்களுக்குத் தெரியாது உம்மா, நீங்கள் போகும்போது குழியும் மணலுமாக இருந்தது, முன்பு ஆமி மறித்துப் பார்க்கிற இடங்களும் இருந்தன. இப்போது ஒன்றும் இல்லை, கண்ணாடி மாதிரி கிடக்கிறது. அதில் ஸியாதின் கார் எங்களைக் கடந்து போனது. கார் போன பிறகுதான் அதன் சத்தம் எங்களிடம் வந்தது, மொரிஸ் ஒரு ஆட்டம் ஆடியது. பொடியனுக்கு இன்னும் லைசன் கெடைக்கல்ல என்று வாப்பா சொன்னார். தென்னந்தோட்டத்து மதில் முடிகிற வளைவுக்கு நாங்கள் போனபோது சிவப்புக் கார் குறுக்கே நின்றது. அதன் முன்பக்கம் முட்டைக்கோது உடைந்த மாதிரி உடைந்திருந்தது. ஒரு சைக்கிள் மதிலோடு கிடந்தது. பாதை முழுக்க மீன். அதற்கு நடுவில் அந்தோனிப்பிள்ளை அங்கிள் கிடந்தார். உங்களுக்கு அவரைத் தெரியும், சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வந்து சாளை கொடுப்பாரே, அவருடைய மகள் வதனாதான் டியூசனில் எனக்குப் பக்கத்தில் இருக்கிறவள்.

ஸியாத் தலையில் கை வைத்துக்கொண்டு, நான் காணல்ல ஸலாவுதீன் நானா, சத்தியமா நான் ஆளக் காணல்ல என்று அண்ணனிடம் கெஞ்சுகிற மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருந்தான். ஏத்துங்க தம்பி, ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்க என்று வாப்பா சத்தம் போட்டார். எங்க ஏத்துற, இதுல ஆளப் படுக்க வைக்க எடம் இல்லயே என்றான் அவன். அது உண்மைதான் உம்மா. அந்தக் காரில் ஒரு ஆளைப் படுக்க வைக்க இடம் இல்லை. அதனால் வாப்பாவும் நானும் அவரைத் தூக்கி மொரிஸின் பின்சீட்டில் கிடத்தினோம், நான் பின்னால் ஏறி அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மொரிஸ் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை, கதவெல்லாம் கழன்றுவிடுகிற மாதிரி நடுங்கியது. புத்தளம் வரைக்கும் அவருக்கு நினைவு இருந்தது. பிள்ளை, மீன்பெட்டி எங்கை என்று கேட்டார். பிறகு, நிப்பாட்டினியளே, அது பெரிய காரியம் பிள்ளை, ஆர் நிப்பாட்டுகினம் என்றார். அதன் பிறகு முழங்காலுக்குக் கீழே காலைக் காட்டிக் காட்டி முனகினாரே தவிர வேறு பேச்சு இல்லை. என் வெள்ளைச் சட்டை, தலைச்சீலை எல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பொலிஸ்காரர் எங்கள் காரின் நம்பரை எழுதிக்கொண்டார். கொண்டுவந்தவன்தான் அடித்தவன் என்று நம்முடைய பக்கத்தில் எல்லோரும் முதலில் நினைப்பார்கள், அதற்குப் பயந்துதான் பாதையில் கிடக்கிறவரைப் பலர் தொடுவதில்லை. வாப்பாவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் ஏற்றினார்.

அன்று இரவே ஹாஜியார் வாப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். காலில் முறிவு மட்டும்தான், உயிருக்கு ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பொலிஸ் ஏற்கெனவே மொரிஸின் நம்பரை எழுதிவிட்டது, மொரிஸ் அடித்ததாகவே இருக்கட்டும், நீ ஓட்டினதாகவே இருக்கட்டும், லைசன் இருக்கிறவனுக்குக் கால் முறிந்த வழக்கு ஒரு அபராதத்தோடு முடியும், லைசன் இல்லாத பிள்ளைக்கு அப்படி முடியாது என்றாராம். இது பொய்யில்ல ஸலாவுதீன், பொறுப்பு எடுக்கிறது, தொண்ணூறுல நீங்க கற்பிட்டிக் கரையில எறங்கினப்ப நான் யாரு எவருண்டு கேட்டனா, பொறுப்பு எடுத்தேனா இல்லையா என்று ஹாஜியார் கேட்டிருக்கிறார். வாப்பாவுக்கு அப்போது என் வயது. யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு நனைந்த சாரத்தோடு வந்து இறங்கியதையும், ஹாஜியார் வீட்டு முற்றத்தில் கஞ்சி ஊற்றினதையும் உங்களுக்குச் சொன்ன மாதிரித்தான் எனக்கும் சொல்லியிருக்கிறார். பிறகு ஹாஜியார் அலுமாரியைத் திறந்து ஒரு காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். நாம் இருக்கிற இந்தக் காணி, வாய்ச்சொல்லால் மட்டும் நமக்குக் கொடுத்த இந்தக் காணி, அதில் வாப்பாவின் பெயர் எழுதியிருந்ததாம். ஹாஜியாரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வழக்கு முடிந்த அன்று போட்டுத் தருவார்.

நீங்கள் அங்கே கழுவிக் கழுவி இங்கே சுவர் எழுப்பினீர்கள் உம்மா. ஓலை வீடு கல்வீடாகிவிட்டது, ஆனால் யாருடைய காணியில் கட்டுகிறாய் அகதியாளே என்று கேட்டால் நமக்குப் பதில் இல்லை. அகதி என்ற பெயர் இங்கே பிறந்த எனக்கும் இருக்கிறது, நஃபீஸாவுக்கும் இருக்கிறது. அந்த உறுதி கைக்கு வந்தால் உங்க உம்மா அடுத்த பிளேன்ல ஏறிரலாம் மகள் என்று வாப்பா என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருடைய முகம் உறுதியைக் கண்ட முகமாகத்தான் இருந்தது. அதனால் அவர் ஓம் என்று சம்மதித்ததை நான் குறை சொல்லமாட்டேன். கால் முறிவு என்று நினைத்துத்தான் ஓம் என்றார்.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு பின்சீட்டைக் கழுவ என்னை ஹாஜியார் வீட்டுக்குக் கூட்டிப்போனார். இரவோடு இரவாக இழுத்து வந்த சிவப்புக் கார் தேங்காய்க் கொட்டிலுக்குள் தார்ப்பாய்ப் படங்கு மூடிக் கிடந்தது. நான் சவர்க்காரம் போட்டு ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாப்பா சுத்தியலை எடுத்துக்கொண்டு மொரிஸின் முன்பக்கத்துக்குப் போனார். ஆளை அடித்த கார் என்றால் அடி தெரிய வேண்டுமே. ஆனால் உம்மா, அவர் என்ன செய்தார் தெரியுமா, பெயின்ற் உரசுப்படக் கூடாது என்று ஒரு சாக்கை மடித்து மட்காட்டின் மேல் வைத்துவிட்டு அதற்கு மேல் அடித்தார். பழக்கம். அந்தச் சாக்க எடு ஸலாவுதீன், பள்ளமும் விழணும் பெயின்றும் போகணும் என்று ஹாஜியார் சொன்னார். சாக்கை எடுத்துவிட்டு அடித்தார். சுத்தியல் துள்ளித் துள்ளி வந்தது, தகரம் இல்லை அது, இரும்பு. கிழவிக்குத் தோல் தடிப்பு நானா என்றான் ஸியாத். அவன் சிரிக்க நினைத்துச் சொன்னான், சிரிப்பு வரவில்லை, அவனும் பயந்துதான் இருந்தான். பல அடிக்குப் பிறகு ஒரு நெளிவு விழுந்தது. முன்விளக்கின் கண்ணாடியை உடைக்க வாப்பாவால் முடியவில்லை. கையைத் தூக்கினார், இறக்கினார். ஸியாத்தான் கல்லால் உடைத்தான். நான் துணியைப் பிழிந்து ஊற்றினேன், சிவப்புத் தண்ணீர் மணலில் போனது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அன்றைக்கு டியூசனுக்குப் போக வேண்டுமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நெளிவு பிழையான இடத்தில் இருக்கிறது உம்மா. மொரிஸின் விளக்கு என் இடுப்பு உயரத்தில் இருக்கிறது, வாப்பா அடித்த நெளிவும் அந்த உயரத்தில்தான். அந்தோனிப்பிள்ளை அங்கிளுக்கு முறிந்தது கணுக்காலுக்குச் சற்று மேலே. மொரிஸ் அடித்திருந்தால் தள்ளியிருக்கும். மற்றக் கார் தாழ்ந்தது, அது காலை வெட்டி ஆளை மேலே தூக்கி எறிந்தது, தலை மதிலில் பட்டது. இதைக் கண்டுபிடிக்க நான் ஒன்றும் பெரிதாகப் படித்திருக்கவில்லை, இரண்டு காருக்கும் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அவ்வளவுதான். பொலிஸ் வந்து நெளிவைப் பார்த்தது, எழுதியது, போய்விட்டது. வாப்பாவைப் பிணையில் விட்டார்கள்.

வியாழக்கிழமை டியூசனுக்குப் போனேன். வதனா வந்திருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் இருக்காமல் பின்வரிசை வாங்கில் போய் இருந்தேன், அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள். நீ ஏன் ஒளிக்கிறாய், உன்ர வாப்பா மெதுவாத்தானே ஓடுறவர், அவர் வேணுமெண்டு செய்திருக்க மாட்டார் எண்டு அம்மாவும் சொன்னவ என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, ஆனா எனக்கு ஒண்டு விளங்கேல்லை ஸபீனா, மொரிஸ் வந்தா எங்கட வீட்டுக்குச் சத்தம் கேக்கும், நாய்க்கு அது பழகிப்போச்சு, எழும்பக்கூட மாட்டுது, அண்டைக்கு நாய் குலைச்சது என்றாள். நான் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, யோசித்ததைச் சொன்னாள். என்னுடைய பேனை முடிந்துவிட்டது என்று சொன்னேன், தன்னுடைய பேனையைத் தந்தாள். அந்தப் பேனையால்தான் இதை எழுதுகிறேன், வீட்டில் வேறு இல்லை.

சனிக்கிழமை அந்தோனிப்பிள்ளை அங்கிள் மவுத்தானார். தலைக்குள் ரத்தம் கட்டியிருந்ததாம். மாதா கோயில் மணி அடித்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், அவர்களுடைய மணி யாருக்கு அடிக்கிறது என்று இங்கே எல்லோருக்கும் சொல்லாமலே தெரிந்துவிட்டது. வாப்பா உடனே ஹாஜியாரிடம் போனார். கால் என்றுதானே சொன்னோம் ஹாஜியார், இப்ப ஆள் போயிட்டார், இது வேற வழக்கு, நான் மறியலுக்குப் போவேன், ஜெயில்ல கெடப்பேன், எனக்கு இரண்டு பொம்புளப் புள்ள என்று சொல்லியிருக்கிறார். ஆள் மவுத்தானா, குடுத்த சொல்லும் மவுத்தாகுமா ஸலாவுதீன் என்று ஹாஜியார் கேட்டாராம். நல்ல லோயர் வைப்பார், வாப்பா உள்ளே இருந்தாலும் நம்மைப் பார்த்துக்கொள்வார், உறுதி அலுமாரியில் அப்படியே இருக்கிறது. வாப்பா சொல்லை மாற்றினால் காணியும் இல்லை, வேலையும் இல்லை, பொலிஸுக்குப் பொய் சொன்ன வழக்கும் வரும். ஹாஜியார் ஏசவில்லை. வாப்பாவுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். வாப்பா வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தவர் இருந்தபடியே இருந்தார், இஷாத் தொழுகைக்கும் பள்ளிக்குப் போகவில்லை, வீட்டிலேயே தொழுதார்.

நாளைக் காலையில் என்னைப் பொலிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். அன்று ஆஸ்பத்திரியில் பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரு பிள்ளை நின்றது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பிள்ளை காரில் இருந்ததா, என்ன கண்டது என்று கேட்க வேண்டுமாம். நேற்று டியூசன் விட்டு வரும்போது ஸியாத் மோட்டார் சைக்கிளில் வந்து எனக்குப் பக்கத்தில் மெதுவாக ஓட்டினான். தங்கச்சி, பயப்படாம செல்லணும், வாப்பா செல்ற மாதிரியே செல்லணும் என்றான். நஃபீஸாவுக்கு என்று ஒரு சொக்லட் பெட்டி தந்தான். அவ எத்தன மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வாறா, தனியத்தானே வாறா என்று கேட்டான். குரல் அன்பாகத்தான் இருந்தது. சொக்லட்டை நஃபீஸாவுக்குக் கொடுக்கவில்லை, கிணற்றடியில் புதைத்தேன்.

இன்று பின்னேரம் வாப்பா என்னைப் பக்கத்தில் இருத்தி, பாடம் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். நாங்கள் வளைவுக்கு வந்தோம். இருட்டாக இருந்தது. சைக்கிள் குறுக்கே வந்தது. வாப்பா பிரேக் பிடித்தார். நான் திருப்பிச் சொன்னேன். ஒரு முறை சரியாகச் சொன்னேன், அப்போது வாப்பா எழும்பி வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, நல்லாச் சொன்னாய் மகள் என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இப்பவும் முன்னறையில் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார், கதிரை கிறீச்சிடுகிறது.

உம்மா, வெள்ளிக்கிழமை போனில் வாப்பா உங்களிடம், நான்தான் அடிச்சேன், கவனம் இல்லாமல் ஓட்டிட்டேன் என்று சொல்வார். நீங்கள் அதை நம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. நாளைக்கு நான் அவர் சொல்லித் தந்ததைச் சொல்லப் போவதில்லை. நாங்கள் பின்னால் வந்தோம், அவர் ஏற்கெனவே கிடந்தார், சிவப்புக் கார் நின்றது, நாங்கள் ஏற்றினோம் என்று சொல்லப் போகிறேன். நெளிவு எப்படி வந்தது என்றும், படங்குக்குக் கீழே என்ன கிடக்கிறது என்றும் சொல்லப் போகிறேன். தேங்காய்க் கொட்டிலைத் திறந்து பார்ப்பார்களா, என்னை நம்புவார்களா என்று எனக்குத் தெரியாது. வாப்பாவுக்குக் கோபம் வரும். அதைவிட வெட்கம் வரும், பெற்ற பிள்ளை எல்லோருக்கும் முன்னால் தன்னைப் பொய்யன் ஆக்கிவிட்டாள் என்று. பொய் சொன்னதற்கு அவரைப் பிடித்தாலும் பிடிக்கட்டும், ஒரு ஆளைக் கொன்றதற்குப் பிடிக்க வேண்டாம். அவர் சொல்லித் தந்ததையே நான் சொன்னால் அவர் மறியலுக்குப் போவது என்னுடைய சொல்லாலும்தான். அதோடு வதனா அப்பா இல்லாத பிள்ளை, அவளுக்கு அவள் அப்பா எப்படிச் செத்தார் என்றாவது தெரிய வேண்டும்.

இந்த வீடு போய்விடும். அதை எழுதத்தான் இவ்வளவு நேரமும் சுற்றிச் சுற்றி வந்தேன். நீங்கள் எழுப்பின சுவர், நிலத்துக்கு ஓடு போட வேண்டும் என்று சொன்ன அறை, உங்களுக்கென்று விட்ட யன்னல், எல்லாம் ஹாஜியாரின் காணியில் நின்றுவிடும், நாங்கள் எங்கேயாவது ஓலையில் இருப்போம். நீங்கள் இன்னும் சில வருஷம் அங்கேயே இருக்க வேண்டி வரும். ஓடுக்கு என்று இந்த மாதம் ஒன்றும் அனுப்ப வேண்டாம். என்மேல் கோபம் வந்தால் கோபப்படுங்கள், ஆனால் வாப்பாவோடு போனில் சத்தம் போட வேண்டாம், அவர் இந்தக் கிழமை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அழவும் எனக்கு வரவில்லை உம்மா, வந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஹயாத்தையும் உடல் சுகத்தையும் தரவேண்டும், உங்கள் மெடத்தின் மனதில் இரக்கத்தைப் போட வேண்டும், நம் நான்கு பேரையும் ஒரே கூரைக்குக் கீழே, அது எந்தக் கூரையாக இருந்தாலும், ஒன்றுசேர்க்க வேண்டும். கருவாட்டை வெயிலில் ஒருமுறை காயவைத்து எடுங்கள், ஈரம் பிடித்திருக்கும். இரவில் முழங்காலுக்கு எண்ணெய் போடாமல் படுக்க வேண்டாம். விழுந்த பல்லை உங்களுக்கு அனுப்பச் சொல்லி நஃபீஸா கேட்டாள், அதைக் கூரையில் எறிந்துவிட்டேன், அனுப்பியதாகச் சொல்லியிருக்கிறேன், நீங்களும் வந்தது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு, உங்கள் மூத்த மகள்
ஸபீனா

உம்மா, வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். ஒன்றல்ல. வாப்பாவின் கதிரை அசையவில்லை, அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் டோர்ச்சைக் கையால் மூடிக்கொண்டு எழுதுகிறேன். தட்டுகிறார்கள். வாப்பா யார் என்று கேட்கிறார். அவருக்குப் பதில் சொல்லவில்லை, என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், அதில் ஒரு குரல் ஸியாதுடையது. நஃபீஸா எழும்பிவிட்டாள். உம்மா, நான் போய்க் கத